மருத்துவமனைக்கு ஒரு வஸிய்யத்



நம் மறைவுக்குப் பின்னும் நோயாளிகள் பயன்பெறும் வண்ணம் ஊர் மருத்துவமனைக்குப் பொருள் எழுதிவைப்பது ஸதக்கத்துல் ஜாரியா எனும் நிலையான தர்மமாகும். சுல்தான் கலாவூன் 1284-ல் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனை, வக்ஃபு வருமானத்தால் பல நூற்றாண்டுகள் இயங்கியது.

ஆயினும் வஸிய்யத்திற்கு எல்லை உண்டு. நோயுற்றிருந்த ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கைத் தர்மம் செய்ய விழைந்தபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதியையும் மறுத்து, மூன்றில் ஒரு பங்கை மட்டும் அனுமதித்து, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தலாகாது என்பதே காரணம்.

அடக்கச் செலவும் கடனும் தீர்ந்தபின் எஞ்சுவதில்தான் அந்தப் பங்கு. மனைவிக்குரிய மஹர் பாக்கியும் கடனே. எனவே கடன்களையும் கொடையின் நோக்கத்தையும் தெளிவாக எழுதி, இரு சாட்சிகளை வைத்து, பிள்ளைகளிடமும் இன்றே கூறிவிடுங்கள். அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.