விளையாட்டுக் கன்ட்ரோலரில் ஓடும் ரோபோ

பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடும் கன்ட்ரோலரைக் கொண்டே இரண்டு சக்கரச் சிறு ரோபோவை ஓட்டலாம். ராஸ்பெரி பை கணினி, மோட்டார் டிரைவர் பலகை, பேட்டரி, பைத்தான் மொழியில் சில வரி நிரல் ஆகியவை போதும். 2016இல் வெளிவந்த ராஸ்பெரி பை 3இல் புளூடூத் உள்ளேயே இருப்பதால் கம்பியும் தேவையில்லை.

கன்ட்ரோலர் அனுப்புவது வெறும் எண்களைத்தான். பைத்தானின் பைகேம் தொகுப்பில், ஜாய்ஸ்டிக் நடுவில் நின்றால் 0. முழுதாகத் தள்ளினால் ஒரு பக்கம் -1, மறுபக்கம் +1. பொதுவாக மேலே தள்ளும்போதுதான் -1 வரும். நிரலில் குறியை மாற்றாவிட்டால் ரோபோ பின்னோக்கி ஓடும்!

திருப்புவதற்குப் பள்ளிக் கணக்கே போதும். வேகத்துடன் திருப்பத்தைக் கூட்டினால் இடச் சக்கரம். கழித்தால் வலச் சக்கரம். வேகம் 0.5, திருப்பம் 0.2 என்றால் இடது 0.7, வலது 0.3. ரோபோ வலப்பக்கம் வளையும்.

விரலை எடுத்த பிறகும் சில ஜாய்ஸ்டிக்குகள் சரியாக 0 காட்டுவதில்லை. 0.1க்குக் குறைவான அசைவை ஒதுக்கிவிட்டால் ரோபோ தானாக நகராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஓடும்போது தொடர்பு அறுந்தால், ரோபோ கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டு சுவரிலோ தம்பியின் காலிலோ மோதலாம். ‘தொடர்பு இல்லையேல் நில்’ என்பதையும் நிரலில் எழுத வேண்டும். சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவைப் புத்தகத்தின்மேல் வைத்து ஓடவிட்டு, கன்ட்ரோலரை அணைத்துப் பாருங்கள். சக்கரங்கள் நின்றால் மட்டும் தரையில் இறக்குங்கள்.

ரோபோவை ஓட வைப்பது பிள்ளைகளுக்கு உற்சாகம். அதை நிறுத்தவும் யோசிப்பதில்தான் பொறியியல் தொடங்குகிறது.