ஆரணியின் மறந்துபோன மாளிகைகள்

முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் கடைத்தெருவிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பட்டு ஊர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மராட்டிய ஜாகீரின், அதாவது மானியமாகப் பெற்ற நிலப்பகுதியின், தலைநகராக இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் படையோடு தெற்கே வந்தவர் சிவாஜியின் தந்தை ஷாஜி. அவரிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் வழிவந்தவர்களே ஆரணி ஜாகீர்தார்கள். 1677இல் சிவாஜி தென்னாட்டுக்குப் படை நடத்தி வந்தபோதும் ஆரணிக் கோட்டை வேதாஜியின் பொறுப்பில்தான் இருந்தது.

அந்தக் கோட்டை கண்ட போர்கள் கொஞ்சமல்ல. ஆற்காட்டு முற்றுகையில் தோற்றுத் திரும்பிய சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பை 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் துரத்தி வந்து முறியடித்தது ஆரணி அருகில்தான். 1782இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். 1790இல் ஆரணியில் இறந்த கர்னல் கெல்லிக்குக் கோட்டையில் நினைவுத்தூண் இருக்கிறது.

ஆனால் ஜாகீர்தார்களின் வாழ்வைப் பார்க்க ஊரை விட்டு வெளியே போக வேண்டும். எஸ்.வி.நகரம் என்று பேருந்துப் பலகையில் சுருங்கிவிட்ட சத்திய விஜய நகரம், உத்திராதி மடத்தின் பீடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் சமாதியான பிருந்தாவனம் அமைந்த ஊர். மத்வ குருவின் பெயரால் அமைந்த அந்த ஊரில் ஜாகீர்தார்கள் அரண்மனை கட்டிக்கொண்டார்கள். குருபக்தியும் ஆட்சியும் ஒரே இடத்தில் கூடியதாலேயே எனக்கு அந்த ஊர்மேல் தனி மதிப்பு. இன்னொன்று, பூசிமலைக்குப்பத்துக் காட்டோரத்தில் நிற்கும் மாளிகை. கண்ணாடி மாளிகை என்பது ஊரார் வைத்த பெயர். ஐரோப்பியப் பாணியில் எழும்பிய அந்த மாளிகை இன்று சிதைந்து கிடக்கிறது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு இப்படிப்பட்ட மாளிகைகளைத் தாங்கி நின்ற வருமானம் போயிற்று. வருமானம் போனால் காரை உதிரும், செடி முளைக்கும், சுவர் பிளக்கும்.

ரஷ்யாவின் பீட்டர்ஹாஃப் அரண்மனைக்கு வந்தது இதைவிடப் பெரிய அழிவு. மகா பீட்டர் எழுப்பிய அந்த மாளிகையும் தோட்டமும் 1941இலிருந்து 1944வரை ஜெர்மானியப் படையிடம் சிக்கிச் சின்னாபின்னமாயின. அவ்வளவு இழந்த நாடு, போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அங்கே நீரூற்றுகளை மீண்டும் இயக்கிக் காட்டியது. நம் மாளிகைகள்மேல் குண்டு எதுவும் விழவில்லை. நாம் கவனிக்காமல் விட்டதுதான் அவற்றுக்கு நேர்ந்த கேடு.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த அரசு, இந்த இரண்டு மாளிகைகளையும் பழுதுபார்த்து, ஒன்றிலாவது ஜாகீர் வரலாற்றுக்கும் நெசவுக்கும் ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும். எஞ்சியிருக்கும் சுவர்கள் இடிவதற்குள் அந்த வேலை தொடங்கட்டும்.