சூரன் போரும் அவதாரக் கொள்கையும்

ஐப்பசி வளர்பிறைச் சட்டியன்று மாலை, கொழும்பிலே கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளிலுள்ள சைவக் கோயில்களிற் சூரன் போர் நிகழும். யானைமுகம் விழும், சிங்கமுகம் விழும், சூரன் தலையும் விழும். சிறுவர் ஆரவாரிப்பர். அசுரன் மாண்டான், அறம் நிலைபெற்றது என்று எண்ணிப் பலரும் வீடு திரும்புவர். கந்தபுராணமோ அவ்வாறு கூறவில்லை.

அவதாரம் என்னும் சொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். அறம் தளருங் காலந்தோறும் தாம் தோன்றுவதாகக் கண்ணபிரான் கீதையிலே அருளுகிறார். இராமனும் கண்ணனும் தாய் வயிற்றிற் பிறந்து, பகை முடித்து, தம் பதம் மீண்டவர்கள். சைவ சித்தாந்தமோ இறைவனுக்குக் கருவிற் பிறத்தலையும் இறத்தலையும் உடன்படுவதில்லை. ஆதலாற் கச்சியப்ப சிவாசாரியர் பாடிய கந்தபுராணத்திலே, சிவபெருமானின் நெற்றிக்கண்ணினின்று எழுந்த ஆறு பொறிகளே சரவணப் பொய்கையிற் குழந்தைகளாகின்றன. உலகைக் காக்க இறைவன் எழுந்தருளுகிறான் என்பதில் இரு நெறியாரும் ஒன்றுபடுவர். எழுந்தருளும் முறையிலேதான் வேறுபடுவர்.

இனி, அவ்வொழுங்கு குலைந்தது எவ்வாறு? சூரன் எதனையும் களவாடிப் பெற்றவனல்லன். 1008 அண்டங்களின் ஆட்சியையும் 108 யுக வாழ்வையும் கடும் வேள்வி இயற்றிச் சிவபெருமானிடமே வரமாகப் பெற்றான். தேவரும் மாசற்றவரல்லர். சிவனை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியிலே வாய்மூடி அமர்ந்திருந்தவர்கள் அவர்களே. தாம் பட்ட துன்பத்துக்குக் காரணம் யாது என்று இந்திரன் மகன் சயந்தன் வினவ, அவ்வேள்விக்குச் சென்ற பிழையே என்று வியாழன் உரைப்பதாகத் தக்க காண்டம் கூறும். வீதியிலே நடித்துக் காட்டப்பெறாத இப்பகுதியே நூலில் மிகக் கூர்மையானது எனலாம்.

போருக்கு முன் வீரவாகு தூது செல்கிறான். சிறைப்பட்ட தேவரை விடுவித்தாற் போதும் என்பதே செய்தி. சூரன் மறுக்கிறான். ஈற்றிற் கடல் நடுவே மாமரமாய் நின்றவனை வேல் பிளக்கிறது. இரு கூறும் மயிலுஞ் சேவலுமாகி மீண்டும் எதிர்த்து வருகின்றன. பெருமான் அருட்கண்ணால் நோக்கப் பகைமை நீங்குகிறது. சேவல் கொடியாகிறது, மயில் ஊர்தியாகிறது. இரணியனும் இராவணனும் மாண்டார்கள். அவர்களும் சாபத்தாற் பிறந்த திருமாலின் வாயிற்காவலரே என்று வைணவ நூல்கள் கூறுவதுண்டு. ஆயினும் அவர்கள் மீள்வது இறந்த பின்னரே. சீர்பெற்ற ஒழுங்கினுள்ளே, வேல் எறிந்தவர் அருகிலேயே, சூரனுக்கு ஓர் இடமும் ஒரு பணியும் கிடைக்கின்றன.

மறுநாள் தெய்வயானை திருக்கல்யாணம். மணக்கோலத்திலே பெருமான் வீதிவலம் வருகையில் அவரைத் தாங்கி வரும் மயில், முதல்நாள் மாலை எதிர்த்து நின்ற அதே சூரன்.