சமர் கேம்ப் வேலை: பிள்ளையை அனுப்ப முன் கணக்கைப் பாருங்கள்

"மகன் அமெரிக்காவுக்கு இரண்டரை மாத வேலைக்குப் போகப் போகிறானாம். சமர் கேம்ப் என்று சொல்கிறான். ஏஜென்ட் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?" என்று அண்மையில் இரண்டு மூன்று வர்த்தக சகோதரர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சரக்கு இறக்கும்போது இன்வொய்ஸில் ஒரு ரூபாவைக்கூட விடாமல் பார்ப்பவர்கள். ஆனால் இந்த விடயத்தில் சம்பளம் எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, விசா கிடைக்காவிட்டால் முற்பணம் என்னவாகும் என்று திருப்பிக் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. ஆகவே இந்தக் கிழமை பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது சவூதி, கட்டார் வேலை போன்றதல்ல. அங்கு மாதச் சம்பளம், அதில் ஒரு பகுதி வீட்டுக்கு வரும். சமர் கேம்ப் வேலையில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் பாடசாலை விடுமுறை ஜூன் மாதத்தில் தொடங்கி ஓகஸ்ட் முடியும் வரை நீளும். அந்த நாட்களில் பெற்றோர் பிள்ளைகளைக் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள முகாம்களுக்கு அனுப்புவார்கள். 1861 இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெட்ரிக் கன் என்ற பாடசாலை அதிபர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்ததைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று அது ஒரு பெரிய தொழில். வை.எம்.சி.ஏ., தேவாலயங்கள், யூத சமூக அமைப்புகள், சாரணர் இயக்கம் ஆகியன நடத்தும் முகாம்கள் உண்டு. தனியார் இலாபத்துக்கு நடத்துபவையும் உண்டு. எந்த முகாமானாலும் வருட வருமானத்தின் பெரும்பகுதி அந்த எட்டு, ஒன்பது கிழமைகளுக்குள்தான் வந்தாக வேண்டும். பெருநாள் சீசனில் புடைவைக் கடை நடத்துபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் கடைப் பையன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்குப் படுத்தான் என்று நாம் மணிக்கூடு பார்ப்பதில்லை. முகாமிலும் அதே கதைதான்.

அமெரிக்கச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. மத்திய அரசின் ஆகக் குறைந்த கூலி 2009 முதல் மணிக்கு 7 டொலர் 25 சதம். ஆனால் வருடத்தில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத உல்லாச, பொழுதுபோக்கு நிலையங்களுக்கு மத்திய சட்டத்தின் ஆகக் குறைந்த கூலியிலிருந்தும் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்தும் விலக்கு உண்டு. பெரும்பாலான கோடை முகாம்கள் இதற்குள் அடங்கும். அதனால்தான் அங்கு மணிக்கணக்குச் சம்பளம் பேசாமல், முழு சீசனுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசுகிறார்கள். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு மட்டும். ஒன்பது கிழமைக்கு 2,000 டொலர் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு போக 54 வேலை நாட்கள். நாளொன்றுக்கு 37 டொலர் வருகிறது. காலையில் பிள்ளைகளை எழுப்புவது முதல் இரவு படுக்கவைப்பது வரை 12 மணித்தியாலம் என்றால் மணிக்கு மூன்று டொலர். அந்த 2,000 டொலரிலிருந்து விமான டிக்கெட்டைக் கழியுங்கள். ஏஜென்ட் கட்டணத்தைக் கழியுங்கள். விசா விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூனில் 185 டொலராக உயர்ந்தது. செவிஸ் என்ற பதிவுக் கட்டணம் இந்த வகையினருக்கு 35 டொலர். 2025 ஜூலையில் அமெரிக்கா நிறைவேற்றிய சட்டத்தில் இவற்றுக்கு மேலாக இன்னுமொரு 250 டொலர் கட்டணமும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பணம் கட்டும் தினத்தில் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துத்தான் தொகையைத் தீர்மானிக்க வேண்டும். கொழும்பிலிருந்து நியூயோர்க் போய்வரும் டிக்கெட் விலை உங்களுக்குத் தெரியும். மிச்சம் எவ்வளவு என்று நான் எழுதத் தேவையில்லை.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலம் திருந்தும், பல நாட்டவருடன் பழகும் வாய்ப்பு வரும், பொறுப்பு வரும். கடையில் ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டால் முகம் சுருங்கும் பிள்ளை, பத்துச் சிறுவர்களை ஒரு கோடைக்காலம் சமாளித்துவிட்டு வந்தால் வேறு ஆளாக வருவான். இதைப் படிப்புச் செலவு என்று எழுதி அனுப்புங்கள். வருமானம் என்று எழுதாதீர்கள். கடன் வாங்கி அனுப்பினால் இரண்டரை மாதத்தில் அந்தக் கடன் அடைபடாது.

இனி விசா. இதற்குரியது ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அதற்குள் இரண்டு வகை இருக்கிறது. இங்குதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று கேம்ப் கவுன்சிலர் வகை. வயது 18 ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் நன்றாக வர வேண்டும். மாணவராக, ஆசிரியராக, இளைஞர் வேலையில் ஈடுபட்டவராக அல்லது ஏதாவது விசேட திறமை உள்ளவராக இருக்க வேண்டும். இவருடைய வேலை பிள்ளைகளோடுதான். சமையற்காரராகவோ, கோப்பை கழுவவோ, துப்புரவு வேலைக்கோ, அலுவலக வேலைக்கோ இந்த வகையில் ஆள் எடுக்க விதிகளில் இடமில்லை. இரண்டாவது சமர் வேர்க் டிரவல் வகை. முகாமின் குசினி, பராமரிப்பு, சலவை போன்ற வேலைகளுக்கு இதன் கீழ்தான் எடுப்பார்கள். இதற்குப் பல்கலைக்கழகம் அல்லது அதற்குச் சமமான உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் முழுநேரம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டிலும் ஆகக் கூடியது நான்கு மாதம்தான்.

ஆகவே உயர்தரம் முடித்துவிட்டுக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகை பொருந்தாது. முதல் வகைக்கு அவனிடம் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் இருக்க வேண்டும். அஹதிய்யாவில் படிப்பித்திருக்கலாம், சாரணர் குழுவை நடத்தியிருக்கலாம், கிரிக்கெட் பயிற்சி கொடுத்திருக்கலாம், நீச்சலில் உயிர்காப்புச் சான்றிதழ் இருக்கலாம். இவை உண்மையாக இருந்தால் எழுத்தில் வாங்கிவைத்துக் கொள்ளுங்கள். "குசினி வேலைதான், ஆனால் கவுன்சிலர் என்று போட்டு எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் அந்தப் பிள்ளைக்கு அமெரிக்கக் கதவு வாழ்நாள் முழுவதும் மூடப்படக்கூடும். நாளை அவன் சரக்கு வாங்கவோ கண்காட்சி பார்க்கவோ போக நினைத்தாலும் அந்தப் பதிவு முன்னால் நிற்கும்.

ஏஜென்ட் விடயம். விசாவுக்கு அடிப்படையான டி.எஸ்.-2019 என்ற படிவத்தைக் கொடுக்கும் அதிகாரம் நம்மூர் ஏஜென்டிடம் இல்லை. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்பொன்சர் நிறுவனங்களுக்கு மட்டுமே அது உண்டு. 1969 இல் தொடங்கிய கேம்ப் அமெரிக்கா இத்துறையில் பலரும் அறிந்த பெயர். இன்னும் பல நிறுவனங்கள் இருக்கின்றன. திணைக்களத்தின் ஜே-1 இணையத்தளத்தில் பட்டியலே இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் பெயர் அதில் இருக்கிறதா, எந்த வகைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து அந்த ஸ்பொன்சருக்கே மின்னஞ்சல் எழுதி, இந்த ஏஜென்ட் உங்களுடைய ஆள்தானா என்று கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை. நாம் புதிதாக ஒரு மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்குக் கொடுக்க முன் நாலு பேரிடம் விசாரிப்பதில்லையா?

காசு கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதில் எது ஸ்பொன்சருக்கு, எது ஏஜென்டுக்கு என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூன் 22 இல் அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனம் வெளியிட்டு கேம்ப் கவுன்சிலர், சமர் வேர்க் டிரவல் உட்படப் பல வகையினரின் வருகையை நிறுத்திவைத்தார். அது 2021 மார்ச் முடியும் வரை நீடித்தது. 2025 மே மாத இறுதியில் மாணவர், பரிமாற்ற விசாக்களுக்குப் புதிய நேர்முக நாட்கள் கொடுப்பது ஏறத்தாழ மூன்று கிழமைகள் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கக்கூடியதாகத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. ஜூனில் தொடங்கும் வேலைக்கு மே, ஜூனில் மூன்று கிழமை போனால் சீசனே போய்விடும். பிள்ளையின் குற்றம் எதுவுமில்லாமலே முற்பணம் மாட்டிக்கொள்ளக்கூடிய வியாபாரம் இது.

தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது, இவர் திரும்பிப் போகமாட்டார் என்ற எடுகோளில்தான் அதிகாரி உட்கார்ந்திருப்பார். சட்டம் அப்படி. திரும்பி வருவதற்கான காரணத்தைக் காட்டுவது பிள்ளையின் கடமை. படிப்பு பாதியில் இருப்பது, குடும்பத் தொழிலில் அவனுக்கு உள்ள இடம் ஆகியவற்றை அவனே தன் வாயால் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். ஏஜென்ட் மனப்பாடம் செய்வித்த வசனங்கள் அங்கு எடுபடாது.

வேலை எப்படியிருக்கும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லியனுப்புங்கள். கவுன்சிலர் கெபினில் பிள்ளைகளோடுதான் படுப்பார். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலில், இரவு தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயது வரையான எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 6 முதல் 8 வயதானால் ஆறு பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். வீட்டை நினைத்து அழும் பிள்ளை, படுக்கையை நனைக்கும் பிள்ளை, சாப்பிட மறுக்கும் பிள்ளை எல்லாம் அவர் பொறுப்பு. தனி அறை கிடையாது. பல முகாம்களில் வேலை நேரத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்கவும் விடமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது. நம்மிடம் பாடசாலையிலும் மத்ரஸாவிலும் ஒரு தட்டுத் தட்டுவது சாதாரணமாக நடந்து வந்திருக்கிறது. அங்கு அது வேலையை இழப்பதோடு நிற்காது, பொலிஸ் வரை போகலாம். ஒரு பிள்ளையுடன் பிறர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருப்பதும் கூடாது. அன்பினால் என்றாலும் கூடாது. முகாம் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி நாட்களில் இதை மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுப்பார்கள். பயண அலுப்பில் தூங்கிவிடாமல் கேட்கச் சொல்லுங்கள். போகுமுன் பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி வாப்பாமாரைவிட உம்மாமார்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான முகாம்களில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க முடியாது. மரக்கறி உணவு பெரும்பாலும் கிடைக்கும். ஒப்பந்தம் போடுமுன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். போய் இறங்கியபின் குசினியில் நின்று விவாதிப்பதில் பயனில்லை. ஓய்வு நாள் வெள்ளிக்கிழமையில் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை, பக்கத்தில் பள்ளிவாசல் இருப்பதும் அரிது. ஜூன் கடைசியில் நியூயோர்க் பக்கம் மஃரிப் இரவு எட்டரை மணிக்குத்தான். இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையில் தூக்கம் குறுகிவிடும். மகளை அனுப்ப யோசிப்பவர்கள் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான முகாம்கள் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். நீச்சல் கடமை உண்டா, என்ன உடை என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். முகாமை நடத்துவது மத அமைப்பு ஒன்றாக இருந்தால் அன்றாட நிகழ்ச்சியில் அவர்களுடைய வழிபாடும் இருக்கலாம்.

இடையில் வேலை பிடிக்கவில்லை என்று நியூயோர்க்கில் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. ஸ்பொன்சரின் அனுமதியில்லாமல் இடம் மாறினால் விசா நிலை கெட்டுவிடும். முகாம் வேலையிலிருந்து நீக்கினால் படுக்கையும் சாப்பாடும் கூடவே போய்விடும். ஆகவே ஸ்பொன்சரின் அவசர இலக்கம் பிள்ளையின் சட்டைப்பையில் கடதாசியில் எழுதி இருக்கட்டும், உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. விசா எடுக்கும்போது தூதரகம் வேலையாளின் உரிமைகளைச் சொல்லும் ஒரு கைநூலைக் கொடுக்கும். உதவி கேட்கும் தொலைபேசி இலக்கங்கள் அதில் இருக்கின்றன. அதே வேலையைச் செய்யும் அமெரிக்கருக்கு நிகரான கொடுப்பனவும் வசதியும் வெளிநாட்டுக் கவுன்சிலருக்கும் கிடைக்க வேண்டும் என்பது விதி. வேலை முடிந்தபின் 30 நாள் சுற்றிப் பார்க்க அவகாசம் உண்டு. அந்த நாட்களில் வேலை செய்ய முடியாது.

காப்புறுதியைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரு விபத்துக்கு அல்லது நோய்க்கு 100,000 டொலருக்குக் குறையாத காப்புறுதி ஜே-1 காரர் எல்லோருக்கும் கட்டாயம். ஸ்பொன்சரின் கட்டணத்துக்குள் அது அடங்குகிறதா என்று கேளுங்கள். அங்கு ஒரு கை முறிவுக்கு வரும் பில்லைக் கண்டால் நமது தனியார் ஆஸ்பத்திரிகள் மலிவென்று தோன்றும்.

கடைசியாக வரி. முதல் முறை போகும் ஜே-1 காரரிடம் சமூகப் பாதுகாப்பு, மெடிகெயார் என்ற பெயரில் பிடிக்கும் 7.65 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. முகாமின் கணக்குப் பிள்ளை தெரியாமல் எல்லோரோடும் சேர்த்துக் கழித்துவிட்டால் 2,000 டொலரில் 153 டொலர் போய்விடும். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துச் சொன்னால் திருத்துவது இலகு. வருமான வரி வேறு. அது ஆகக் குறைந்த படியில் 10 சதவீதம். அதற்கான கணக்கை 1040-என்.ஆர். படிவத்தில் அடுத்த வருடம் ஏப்ரல் 15 க்குள் அனுப்ப வேண்டும். மேலதிகமாகக் கழித்திருந்தால் திரும்பி வரும். காசைக் கடைசி நாளில் செக்காகக் கொடுத்தால் அங்கேயே வங்கிக் கணக்கில் போட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கு கொண்டுவந்து மாற்றப் போனால் கிழமைக்கணக்கில் இழுக்கும். சம்பளத்தையும் கழிவையும் காட்டும் டபிள்யூ-2 என்ற படிவத்தை முகாம் ஜனவரி மாத இறுதிக்குள் அனுப்பும். அது முகாமின் கெபின் முகவரிக்குப் போகாமல் நம் வீட்டுக்கு வர வேண்டுமானால், கிளம்பும் தினத்தில் அலுவலகத்தில் இலங்கை முகவரியையும் மின்னஞ்சலையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.