காற்றில்லாக் குடலில் ஒரு ஜீவனம்

சீதபேதியின் ஒரு வகைக்குக் காரணமான அமீபாவை, 1875-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பியோதர் லோஷ் என்ற மருத்துவர், நோயாளி ஒருவரின் மலத்தில் கண்டு விவரித்தார். பிராணவாயு ஏறக்குறைய இல்லாத பெருங்குடலில் அந்த அற்ப ஜீவன் எவ்வாறு பிழைக்கிறது என்பது புலப்படவோ, அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

நம் உடலின் செல்கள் பிராணவாயுவின் துணைகொண்டு சர்க்கரையை முற்றிலும் எரித்து, ஒரு குளுகோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் முப்பது ஏ.டி.பி. மூலக்கூறுகளை, அதாவது உயிரின் காரியங்களுக்கெல்லாம் செலவாகும் சக்திப் பொருளை, உண்டாக்கிக்கொள்கின்றன. அமீபாவுக்கு அந்த வசதி இல்லை; சர்க்கரையைப் பாதியில் உடைத்து, எஞ்சியதைச் சாராயமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் வெளியே தள்ளிவிடுவதால், அதற்குக் கிட்டும் ஆதாயம் சொற்பமே. அந்தச் சொற்பத்தையும் அது எவ்வளவு சிக்கனமாகப் பேணுகிறது என்பதுதான் வியப்புக்குரியது. நம் செல்கள் ஏ.டி.பி.யைச் செலவிட்டு நடத்தும் ஒரு கட்டத்தை, அவை பிளந்து கழித்துவிடும் பைரோபாஸ்பேட் என்ற பொருளைக் கொண்டே நடத்திக்கொள்ளும் தனி நொதி ஒன்று இவ்வமீபாவிடம் உண்டு என்பதை, 1974-இல் ரீவ்ஸ் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர்.

இதைவிட முக்கியமான இன்னொரு நொதி, பைருவேட் என்ற இடைப்பொருளைப் பிளந்து, அதிலிருந்து விடுபடும் எலக்ட்ரான்களைப் பெரிடாக்சின் என்ற இரும்பும் கந்தகமும் கலந்த சிறு புரதத்திடம் ஒப்படைக்கிறது. பிராணவாயு பட்டால் செயலிழந்துபோகும் இயல்புடைய அந்நொதி நம் உடலில் கிடையாது. அதே வேலையை நம்மிடம் முற்றிலும் வேறொரு நொதிக்கூட்டம் செய்கிறது.

வைத்தியத்துக்கு வழி திறந்தது இந்த வேற்றுமையே. அவ்வழி திறக்குமுன், 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் கையாளத் தொடங்கிய எமிட்டின் ஊசி பலரைப் பிழைக்க வைத்ததாயினும், இதயத்துக்குத் தீங்கிழைக்கக்கூடியதாகவே இருந்தது. பின்னர், 1966-இல் டர்பன் நகர மருத்துவர்கள் அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் கட்டிக்கும் பயன்படுத்திக் காட்டிய மெட்ரோனிடசோல் நுட்பமான மருந்து. மாத்திரையாக உட்கொள்ளும்போது வீரியமற்றிருக்கும் அது, அமீபாவுக்குள் புகுந்து, பெரிடாக்சின் போன்ற புரதங்கள் ஏந்தி நிற்கும் எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்ட பின்னரே விஷமாக மாறி, அதன் மரபுப் பொருளையும் புரதங்களையும் சிதைக்கிறது. காற்றில்லா வாழ்வுக்கென்று அமைந்த ஏற்பாடே அதற்கு யமனாகிவிடுகிறது.

ஆனால் இம்மருந்து முக்கியமாகத் திசுக்களில் ஊடுருவிய அமீபாக்களையே அழிக்கிறது. குடலுக்குள் கடினமான உறையுடன் கிடக்கும் அமீபாக் கூடுகள் தப்பிவிடக்கூடும் என்பதால், அவற்றுக்கென வேறொரு மருந்தையும் மருத்துவர்கள் தருகிறார்கள். வயிற்றுக்கடுப்பு நின்றுவிட்டதே என்று மருந்தை நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள், தாமும் மீண்டும் நோயுற்று வீட்டாருக்கும் அதைப் பரப்ப நேரிடும். குழாய்நீரில் கலக்கும் குளோரினின் வழக்கமான அளவுக்கு அக்கூடுகள் அஞ்சுவதில்லை. கொதிக்கும் நீரில் மாண்டுபோகின்றன. ஆகவே நீரைக் காய்ச்சிக் குடியுங்கள், மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை உட்கொள்ளுங்கள்.