சர்வரில் புது மென்பொருள்: எந்த வழியில் நிறுவுவது?

விலையில்லா மடிக்கணினியோடு வந்த பாஸ் லினக்ஸ் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதே டெபியனைப் பழைய மேசைக் கணினி ஒன்றில் நிறுவி, பனமலையில் எங்கள் மாணவர்களுக்கான சிறு சர்வராக்கியிருக்கிறேன். இணையம் இல்லாதபோதும் வகுப்பில் விக்கிப்பீடியா திறக்க வேண்டும் என்பதே நோக்கம். (உயர்தொழில்நுட்ப ஆய்வகச் சர்வரில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்.)

எந்த மென்பொருளைச் சேர்க்கும் முன்பும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எனக்கு மாறுதல் வந்துவிட்டால் இதைப் புதுப்பிப்பது யார்?

டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதை 'ஏபிடி' கட்டளையால் நிறுவினால் கவலை குறைவு. இணையமின்றி விக்கிப்பீடியாவைக் காட்டும் கிவிக்ஸ் அங்கேயே கிடைக்கிறது. அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளும் கூடவே வந்துவிடும். பதிப்புகள் சற்றுப் பழையவையாக இருக்கும் என்பது உண்மையே. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் பிஎச்பி கடைசிவரை 8.2 வரிசைதான். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தருவார்கள். அதனால் நேற்று ஓடிய பாடம் இன்றும் ஓடும். பள்ளிக்கு இதுவே ஏற்றது என்பேன்.

களஞ்சியத்தில் இல்லாதபோதுதான் சிக்கல். இணையவழிப் பயிற்சித் தேர்வுக்கு மூடில் தேவைப்பட்டது. டெபியன் 12-இல் அது இல்லை. வெளியார் களஞ்சியத்தைச் சேர்த்துப் புதிய பிஎச்பி போடச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. நான் முதலில் மூடிலின் தேவைப் பட்டியலைப் பார்த்தேன். 2024 அக்டோபரில் வந்த 4.5 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு பிஎச்பி 8.1 இருந்தாலே போதும். ஆகவே டெபியனின் பிஎச்பியை அப்படியே விட்டு, மூடிலை மட்டும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கித் தனிக் கோப்புறையில் வைத்தேன். வெளியார் களஞ்சியம் அமைப்பின் சொந்தக் கோப்புகளையே மாற்றிவிடும். அடுத்த டெபியனுக்கு மாறும்போது இரண்டும் மோதும். ஆனால் மூடிலை ஏபிடி புதுப்பிக்காது, அந்த வேலை நம்முடையது.

மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவுவதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். எந்தக் கோப்பு எங்கே போனது என்று ஏபிடிக்குத் தெரியாது, நீக்குவதும் கடினம்.

சர்வர் அருகில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த மென்பொருள், எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, எப்படிப் புதுப்பிப்பது, எப்படி நீக்குவது எல்லாம் அதில் உண்டு. கடவுச்சொல் மட்டும் இல்லை. அது மூடிய உறையில் தலைமையாசிரியரிடம் இருக்கிறது.