நிலவில் குடியேற நாமக்கல் மண்

நிலவில் மனிதர் வாழ முடியுமா என்ற கேள்விக்கு, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்தே பதில் தொடங்கலாம். அங்கும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தோசைட் (வெளிர்நிறப் பழம்பாறை), நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது.

அதனால் என்ன பயன்? நிலவில் இறங்கும் கலத்தை இங்கேயே சோதிக்க நிலவு மண் மாதிரி வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் (பாறைகளை ஆராயும் துறை) ஆய்வாளர்கள் வழிகாட்ட, இந்தப் பாறையைக் கிரஷரில் அரைத்தார்கள். 2012 முதல் சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. அதைப் பெங்களூருவில் பரப்பித்தான், நிலவில் ஓட வேண்டிய ஊர்தியின் சக்கரம் புதைகிறதா என்று பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

வண்டி ஓடினால் ஆளும் இருக்கலாமே? அவ்வளவு லேசில்லை. முதல் தொல்லை தூசி. நம் ஊர் மணலைக் காற்றும் ஓடும் தண்ணீரும் உருட்டி மழுக்கிவிடும். நிலவில் இரண்டும் இல்லாததால் துகள்கள் கூராகவே கிடக்கின்றன. 1972இல் அப்பல்லோ-17இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட், உடையில் ஒட்டிவந்த தூசியைச் சுவாசித்து மூக்கடைப்பால் அவதிப்பட்டார்.

வெயிலும் குளிரும்? சந்திரயான்-3இன் விக்ரம் கலம் தரையில் செருகிய வெப்பமானி மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது, 8 செ.மீ. ஆழத்திலேயே மைனஸ் 10. ஒரு விரல் நீளத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம்! அந்த மண் வெப்பத்தை அவ்வளவு குறைவாகவே கடத்துகிறது. அதனால்தான் நிலவில் கட்டும் வீட்டின்மேல் அந்த மண்ணைக் கனமாகக் குவிக்கலாம் என்கிறார்கள். கதிர்வீச்சையும் (விண்ணிலிருந்து பாய்ந்து உயிரணுக்களைச் சிதைக்கும் ஆற்றல்) அது குறைக்கும். மூச்சை அடைக்கும் அதே மண் கூரையும் ஆகலாம்.

குடிக்கத் தண்ணீர்? பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1தான் நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது. ஆனால் துருவப் பள்ளங்களில் உறைந்திருப்பதை வெட்டி எடுத்து யாரும் இன்னும் குடித்ததில்லை. அதுவரை, கொண்டுபோனதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர் உட்பட 98 சதவீத நீரை மீட்க முடியும் என்று 2023இல் நாசா காட்டியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி தொட்டிக்கே விடுவதுபோலத்தான்.

இங்கேயே குடிநீருக்குத் திண்டாடும்போது இந்தச் செலவு தேவையா? நியாயமான கேள்வி. ஒரு சொட்டும் வீணாகக் கூடாத இடத்துக்கென உருவாகும் நுட்பம், கடைமடையில் இருக்கும் நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

உங்கள் பிள்ளைக்கு இதில் வழி உண்டா என்று கேட்கலாம். ராக்கெட் படிப்பு மட்டுமே வழி என்று நினைக்காதீர்கள். சித்தம்பூண்டிப் பாறையை இனம்கண்டது நிலவியல். தூசி ஒட்டாத, கிழியாத விண்ணுடைக்கு ஜவுளித் தொழில்நுட்பம் வேண்டும். அதைக் கோவையிலேயே படிக்கலாம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள்.